தறிக்கு லீவு... மலைக்கு ரூட்டு!

அமாவாசைன்னா எங்க வீட்ல தறிக்கு லீவு. தெருவுல பாவு கட்ட மாட்டாங்க, நாடா ஓடுற 'டடக் டடக்' இருக்காது. ஆரணியில பொறந்த எனக்கு அந்த அமைதிதான் டூர் போறதுக்கான சிக்னல். எங்கே போறது? ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் பர்ஸுக்கு ஆகாது பாஸ். நமக்கு வாய்த்த மலை ஜவ்வாது. போளூர் தாண்டி மலையேறினா ஜமுனாமரத்தூர். சின்ன ஊர், கடைத்தெரு, ஒரு கோலப்பன் ஏரி, அதுல படகு, சுத்தியும் பச்சை. பெட்ரோல் போட்டு, டீ குடிச்சு, மதியச் சாப்பாட்டையும் முடிச்சாலும் ஆளுக்குச் சில நூறு ரூபாய்தான்.

முதல் தடவை போனது காலேஜ் செகண்ட் இயர்ல. மூணு பைக், ஆறு பேர். ஏறும்போது எந்தப் பிரச்னையும் இல்லை. இறங்கும்போதுதான் வந்தது வினை. "பெட்ரோல் மிச்சம்டா"ன்னு இன்ஜினை ஆஃப் பண்ணி, நியூட்ரல்ல விட்டான் நம்ம ஆளு ஒருத்தன் (பேர் வேணாம், இப்போ கௌரவமான வேலையில இருக்கான்). நாலஞ்சு வளைவு ஜாலியா போச்சு. பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே இறங்கினதுல அது சூடாகி, பிடி விட்டுப் போச்சு. அழுத்துறான், வண்டி நிக்கல. எதிர்ல வளைவுல பஸ்! பயபுள்ள அந்த நேரத்துல பள்ளத்துப் பக்கம் போகாம மலைப்பக்கக் காவாயில வண்டியை விட்டான். பின்னாடி உட்கார்ந்திருந்த எனக்கு முழங்கையில நாலு தையல். அவனுக்குப் பேன்ட் மட்டும் கிழிஞ்சது.

பஸ் டிரைவர் இறங்கி வந்தார். திட்டுவார்னு பார்த்தா, "ஏம்பா, எந்த கியர்ல ஏறினியோ அந்த கியர்லயே எறங்கணும்னு உனுக்கு யாரும் சொல்லலியா?"ன்னார். சொல்லல சார். லைசென்ஸ் எடுக்கும்போது எட்டு போடச் சொன்னாங்க, மலையில இறங்கச் சொல்லலையே! இறங்கும்போது இன்ஜினே வண்டியைப் பிடிச்சு நிறுத்தும். பிரேக் அதுக்குத் துணைதான். ஏறுற வண்டிக்கு வழி விடணும், வளைவுல ஹாரன் அடிக்கணும். இவ்வளவுதான் மேட்டர். இதைத் தெரிஞ்சுக்க எனக்கு நாலு தையல் செலவாச்சு.

ஏரியில படகு ஏறினதும் எழுந்து நின்னு செல்ஃபி எடுக்கணும்னு கை துறுதுறுங்கும். 2009 செப்டம்பர் 30-ல தேக்கடியில சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் செத்துப்போனாங்க. அளவுக்கு மேல ஆட்கள், எல்லாரும் ஒரே பக்கம் சாய்ஞ்சது... இதெல்லாம் காரணமாச் சொல்லப்பட்டது. நம்ம ஏரி சின்னதுதான். ஆனா மூழ்குறதுக்குப் பெரிய ஏரி வேணும்னு ஒண்ணும் இல்லையே. லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுட்டு ஃபோட்டோ எடுங்க. ஹீரோ லுக் கொஞ்சம் அடிபடும், பரவாயில்லை.

பீமன் அருவி இன்னும் டேஞ்சர். பாசி பிடிச்ச பாறை, ஆழம் தெரியாத குழி. நீங்க நிக்கிற இடத்துல வெயில் அடிக்கும், மேலே எங்கேயோ மழை கொட்டியிருக்கும். தண்ணி திடீர்னு கலங்கி, சருகும் குச்சியுமா வந்தா டவலைக்கூடத் தேடாம கரையேறிடுங்க. மழை சீசன்ல மலையே வேணாம். ஃபெஞ்சல் புயல் மழையில, 2024 டிசம்பர் 1-ம் தேதி நம்ம திருவண்ணாமலையில மண் சரிஞ்சு ஒரே இடத்துல ஏழு பேர் போனதை மறக்க முடியுமா? கோடையில காட்டுத்தீ பயம். 2018 மார்ச்ல குரங்கணியில மாட்டினவங்க மலையேறப் போனவங்கதான். அதனால வனத்துறை அனுமதி இல்லாம காட்டுக்குள்ள நுழையாதீங்க. அதிலும் இது சந்தனக்கட்டைக்குப் பேர் போன மலை. கும்பலா உள்ளே போனா "சும்மா சுத்திப் பார்க்க வந்தோம் சார்"ங்கிற டயலாக் எடுபடாது.

அங்கே வாழ்றவங்க மலையாளி பழங்குடி மக்கள். உடனே "எந்தா சேட்டா"ன்னு ஆரம்பிச்சுடாதீங்க, அவங்க பேசுறது தமிழ்தான். கேட்காம அவங்க வீட்டையும் குழந்தைகளையும் படம் பிடிக்கிறது அநாகரிகம். சாமை, தேன், புளி விற்பாங்க, வாங்குங்க. பேரம் பேசுற திறமையை நம்ம ஊர் ஜவுளிக்கடையில காட்டிக்கலாம்.

எனக்கு நிஜமாவே கோபம் வர்ற விஷயம் ஒண்ணு உண்டு. ஏரிக்கரையிலயும் அருவிப் பாறையிலயும் உடைச்சுப் போட்ட பீர் பாட்டில். செருப்பில்லாம விறகுக்குப் போற அக்கா ஒருத்தர் காலைத் தூக்கிக் காட்டினார், பாதத்துல நீளமா தழும்பு. "டூர் வந்தவங்க போட்டது"ன்னு மட்டும் சொன்னார். எங்களைப் பார்த்துச் சொன்னாரா, பொதுவாச் சொன்னாரா தெரியல. நாங்க ஆறு பேரும் தரையைத்தான் பார்த்தோம். முந்தின தடவை எங்க கும்பல் போட்ட தண்ணி பாட்டில், சிப்ஸ் கவர் எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடுற பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்ல 2019 ஜனவரி 1-லருந்து தடை. ஆனா மலையில நின்னு பார்த்தா அப்படித் தெரியாது.

சரி, அது மலையோட போச்சா? செய்யாறு பிறக்கிறது அந்த மலையிலதான். நம்ம ஆரணியைத் தொட்டுப் போற கமண்டல நாகநதிக்கும் அதே மலைதான் தாய்வீடு. வருஷத்துல பாதி நாள் மணலாக் கிடக்கிற ஆறு, ஐப்பசி கார்த்திகையில தண்ணி வந்தா பாட்டிலையும் கவரையும் உருட்டிக்கிட்டு வருது. பட்டு நூலை அலசவும் சாயம் போடவும் நல்ல தண்ணி இல்லாம என்ன பாடுன்னு எங்க அப்பாவைக் கேட்டாத் தெரியும். (எங்க தெரு சாயத்தண்ணி எங்கே போகுதுன்னு நீங்க திருப்பிக் கேட்டா தலையைச் சொறிவேன். அது தனிக் கச்சேரி.)

போன வருஷம் அதே கும்பல்ல நாலு பேர் மறுபடி போனோம். ஆளுக்கு ஒரு ஸ்டீல் பாட்டில், குப்பைக்கு ஒரு பழைய சாக்கு. பகல்ல ஆலங்காயம் ரூட்ல இருக்கிற காவலூர் வானாய்வகத்தை எட்டிப் பார்த்தோம். 1977-ல யுரேனஸுக்கு வளையம் இருக்குன்னு உலகத்துக்குத் தெரிஞ்சப்போ, அதைப் பதிவு பண்ணின இடங்கள்ல காவலூரும் ஒண்ணு. பொதுமக்களை எந்த நாள்ல விடுவாங்கன்னு விசாரிச்சுட்டுப் போங்க. ராத்திரி அந்தப் பக்கம் ஹை பீம் போட்டுச் சுத்தினா நட்சத்திரம் பார்க்கிறவங்க பொழப்பு கெடும்.

அன்னிக்கு ஜமுனாமரத்தூர்லயே தங்கினோம். அமாவாசை, சுத்தமா இருட்டு. வாசல் லைட்டை அணைச்சதும் வானத்துல அவ்வளவு ஜரிகை! யாரும் செல்லை எடுக்கல. எடுத்தாலும் அதுல விழாது.

காலையில அப்பா போன். "இன்னிக்குப் பாவு ஓட்டணும், எங்கேடா இருக்க?" வர்றேன்பான்னு கிளம்பினோம். செகண்ட் கியர்லயே இறங்கினோம். பின்னாடி ஒரு கார் ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்தான். வளைவு தாண்டி ஓரமா நிறுத்தி, 'போ ராசா'ன்னு வழி விட்டோம். சாக்கு பின்சீட்ல என் மடியில இருந்தது.