ஆறு வழிச்சாலையும் ஒரு மானிட்டர் வயரும்

வண்டலூரில் ஆரம்பிக்கும் சென்னை வெளிவட்டச் சாலை, 62 கி.மீ. ஓடி மீஞ்சூரில் முடிகிறது. ஆறு வழிச்சாலை. அதில் பறந்து வரும் கண்டெய்னர் லாரி, இறங்கி ஊர்ச் சாலைக்குள் நுழைந்ததும் ஊர ஆரம்பிக்கும். டிரைவர் மேல் தப்பில்லை, இன்ஜின் மேலும் தப்பில்லை. வழியில் எந்த இடம் குறுகலோ, அந்த இடம் விடுகிற வேகம்தான் வேகம்.

பழைய லேப்டாப்பில் புது மானிட்டர் மாட்டுகிற கதையும் இதேதான்.

இதே திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான் 2011 செப்டம்பர் 15-ல் அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கியது. அப்படி வந்ததோ, கடையில் வாங்கியதோ, பழைய லேப்டாப் இன்னும் உழைக்கும் வீடுகள் இங்கே உண்டு. மானிட்டரை மட்டும் புதிதாக வாங்குவது நம்மூர்ச் சிக்கனம்.

மீஞ்சூரில் ஒரு பி.காம். மாணவி அதைத்தான் செய்தார். கல்லூரி விட்டு வந்ததும் ஒரு ஹார்டுவேர் கடைக்குக் கணக்குப் பார்ப்பவர். ஒரு பக்கம் கொள்முதல் பதிவேடு, இன்னொரு பக்கம் ஜி.எஸ்.டி.ஆர்-2பி. இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். ஒரு பில் கண்ணில் தப்பினால் கடைக்காரருக்கு நஷ்டம், இவருக்கு வேலை போகும். அண்ணன் 2014-ல் வாங்கிய லேப்டாப்பின் திரையோ 1366×768. எழுத்தைச் சிறிதாக்கிச் சிறிதாக்கிக் கண் எரிந்ததுதான் மிச்சம். இரண்டு மாதச் சம்பளத்தைச் சேர்த்து, ரயிலேறிப் போய், ரிச்சி தெருவில் 27 அங்குல 4கே மானிட்டர் வாங்கினார்.

மாட்டியதும் படம் வந்தது. ஆனால் மவுஸ் அம்பு தத்தித் தத்தி நகர்ந்தது. வயர் சரியில்லை என்று யாரோ சொல்ல, விலை கூடிய வயர் ஒன்று வந்தது. அப்போதும் அதே தத்தல்!

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். 4கே என்றால் 3840×2160, அதாவது 82,94,400 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 24 பிட். நொடிக்கு 60 முறை அனுப்பினால் சுமார் 1,194 கோடி பிட். அந்த லேப்டாப்பில் இருந்தது எச்.டி.எம்.ஐ. 1.4. அதன் கொள்ளளவு நொடிக்கு 1,020 கோடி பிட். அதிலும் 10 பிட்டுக்கு 8 பிட்தான் நிஜமான தகவல், எனவே 816 கோடிதான் தேறும். மொத்தச் சம்பளம் வேறு, பிடித்தம் போகக் கைக்கு வருவது வேறு என்று காமர்ஸ் படிப்பவர்களுக்குச் சொல்லவா வேண்டும் :-) அதனால் லேப்டாப் தானாகவே நொடிக்கு 30 முறையாகக் குறைத்துக்கொண்டது. எச்.டி.எம்.ஐ. 2.0 வந்தது 2013-ல். அதில் 1,800 கோடி, கைக்கு 1,440 கோடி. அதில் 60 தாராளமாகப் போகும். ஆனால் லேப்டாப்பின் துளையே பழசு என்றால், தங்கத்தில் வயர் வாங்கினாலும் 30-தான்.

அப்படியானால் பணம் வீணா? இல்லை. வழி இரண்டு. 2560×1440 என்று குறைத்து வைத்தால் அதே துளையில் 60 கிடைக்கும், எழுத்து மட்டும் லேசாக மங்கும். அல்லது 4கே-யிலேயே 30-ல் விட்டுவிட்டு, எழுத்தை 150 சதவீதமாகப் பெரிதாக்கலாம். திரையில் கிடைக்கும் இடம் இரண்டிலும் ஒன்றுதான். மாணவி இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். எண்கள் ஓடுவதில்லையே, நின்ற இடத்தில் நிற்கின்றன. அவருக்கு வேண்டியது வேகமல்ல, 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரிவது. வீடியோ எடிட் செய்பவராக இருந்தால் முடிவு வேறாகத்தான் இருந்திருக்கும்.

வாங்கப் போகிறவர்கள் மூன்றை மட்டும் பாருங்கள்: லேப்டாப்பின் துளை எந்தப் பதிப்பு, வயர் எந்தப் பதிப்பு, மானிட்டரின் துளை எந்தப் பதிப்பு. யூ.எஸ்.பி. சி இருக்கிறதே என்று நிம்மதியாகிவிடாதீர்கள். பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் சிலது சார்ஜுக்கும் ஃபைலுக்கும் மட்டும்தான், படம் போகாது. லேப்டாப் மாடலின் விவரக் குறிப்பில் டிஸ்ப்ளேபோர்ட் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ரயிலேறுங்கள். பத்து நிமிட வேலை. மிச்சமாவது நீங்கள் உழைத்த காசு.