முதுகுப் பொதி

2019 டிசம்பர் பாடசாலை விடுமுறையில் மீகொங் நதி வழியாக ஓர் எல்லையைக் கடந்தேன். வியட்நாமில் ஹோ சி மின் நகரத்து ஆடைத் தொழிற்சாலையொன்றில் மகன் வேலை செய்துகொண்டிருந்தான். "ஹோட்டல், கார் எல்லாம் வேணாம் வாப்பா. பேக்கை முதுகுல போட்டுக்கிட்டு ஆத்து வழியா கம்போடியா போவம்" என்றான். தன் பழைய பை ஒன்றையும் எனக்குத் தந்தான்.

முதுகில் பொதியோடு வருபவர்களைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அப்புத்தளை ஸ்டேஷனில் கோச்சி நின்றதும் அவர்கள் இறங்குவார்கள். லிப்டன் சீட்டுக்குப் போக தம்பேதன்னை பஸ் எங்கே என்று கேட்பார்கள். நானும் ஒருநாள் அப்படி இறங்குவேன் என்று நினைத்ததில்லை.

எல்லைக்குப் பக்கத்து ஊரான சாவ் டாக்கில் இரவு தங்கினோம். எதிர்க்கரையில் சாம் முஸ்லிம்களின் கிராமங்கள். மஃரிபுக்குத் தோணியில் அங்கே போனோம். தொழுகை முடிந்ததும் ஒரு முதியவர் கையைப் பிடித்து ஸலாம் சொன்னார். அவர் பேசியது எங்களுக்குப் புரியவில்லை, நாங்கள் பேசியது அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் எங்களிடம் எந்தக் காகிதமும் அவர் கேட்கவில்லை.

மறுநாள் காலைப் படகு நொம் பென்னுக்கு. ஐந்து மணித்தியாலப் பயணம். ஒரு கால்வாயைத் தாண்டி மீகொங்கின் பெரிய நீரோட்டத்துக்குள் நுழைந்ததும் கரைகள் தூரமாகிவிட்டன. வியட்நாமியச் சோதனைச்சாவடியில் படகு நின்றது. வழிகாட்டிப் பெண் எல்லோருடைய கடவுச்சீட்டுகளையும் வாங்கி, இறப்பர் வளையம் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். நாங்கள் மர வாங்கில் காத்திருந்தோம். மகன் போன் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கோ ஏனென்று தெரியாமல் நெஞ்சு அடித்துக்கொண்டது. என் காகிதம் வேறொருவர் கையில் இருந்தது. அது திரும்பி வராவிட்டால் நான் யார்?

அப்போதுதான் 1978 ஞாபகம் வந்தது.

கடைவீதியில் வாப்பாவுக்குச் சில்லறைக் கடை. தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்கள் சம்பளம் வரும்வரை கடனுக்கு அரிசி, மாவு, சீனி எடுப்பார்கள். பின்னேரங்களில் கடன் கொப்பி எழுதுவது என் வேலை. எனக்குப் பதினொரு வயது. வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவனின் குடும்பத்துக்கும் அதில் ஒரு பக்கம் இருந்தது.

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அப்படிப் பிரித்ததில் என் தோழனின் வீடு அந்தப் பக்கம் விழுந்தது. அவன் தகப்பன் பிறந்ததும் இங்கேதான்.

போவதற்கு முதல்வாரம் அவர் கடைக்கு வந்தார். "மொதலாளி, கணக்கப் பாத்து நேராக்கிருங்க. கடனோட கப்பல் ஏறக்கூடாது" என்றார். 60 ரூபாய் நின்றது. கையில் காசில்லை. சாக்கிலிருந்து ஒரு பித்தளைக் குடத்தை எடுத்து மேசையில் வைத்தார். அந்த நாட்களில் லயங்களில் ஆடு, மாடு, அண்டா எல்லாம் வந்த விலைக்குப் போய்க்கொண்டிருந்தன. குடம் 60 ரூபாயைவிடப் பெறுமதியானது என்பது எனக்கே தெரிந்தது. வாப்பா ஒருகணம் தயங்கினார். பிறகு, "எழுதுடா" என்றார். 'பித்தளைக் குடம் 1, கணக்கு நேர்' என்று எழுதினேன். "நாம வாங்காட்டி வேறொருத்தன் இன்னும் கொறச்சி வாங்குவான்" என்று இரவு உம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். உம்மா பதில் பேசவில்லை.

கோச்சியை வழியனுப்ப நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். பொல்காவலையில் மாறித் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். கட்டிப்பிடித்து அழுத அழுகையில் கோச்சி புறப்பட்ட சத்தமே கேட்கவில்லை. ஒப்பாரிக் கோச்சி என்று மலையகம் சும்மா பெயர் வைக்கவில்லை. என் தோழன் அழவில்லை. "கூடலூருல தேயிலை இருக்காம் நானா, இதே மாதிரிக் குளிராம்" என்றான். அவன் முதுகில் படங்குத் துணியில் கட்டிய பொதி.

1984இல் அந்தக் கப்பல் நின்றுபோனது. இந்தியப் பிரஜாவுரிமை எடுத்தும் போகாமல் தங்கிவிட்டவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம்தான் வழிவிட்டது. போனவர்களிடமிருந்து எங்களுக்குக் கடிதம் வரவில்லை.

வழிகாட்டிப் பெண் திரும்பி வந்து கடவுச்சீட்டுகளைப் பகிர்ந்தாள். சற்று மேலே கம்போடியச் சாவடியிலும் இறங்கி, முத்திரை குத்திக்கொண்டு ஏறினோம். படகு நகர்ந்தபிறகு, முதன்முறையாக இந்தக் கதையை மகனிடம் சொன்னேன். நெடுநேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா செஞ்சது பிழைதானே?" என்றான். தன் பாட்டனாரை அவன் அப்பா என்றுதான் சொல்வான்.

"எழுதினது நான்" என்றேன்.

குடம் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதன் கழுத்தில் அந்த வீட்டுக் கிழவியின் பெயர் வெட்டியிருக்கிறது. அதை ராவி அழித்துவிடலாம் என்று வாப்பா ஒருமுறை சொன்னபோது உம்மா விடவில்லை. இப்போது புளி போட்டுத் துலக்குவது நான். ஒவ்வொரு முறை துலக்கும்போதும் அந்த எழுத்துகள்தான் முதலில் பளிச்சிடுகின்றன.