செவியின் பின்வாசல்

காதுக்கும் தொண்டைக்கும் இடையே ஒரு வழி உண்டு என்பதைத் தில்லிக் குளிரே நமக்கு உணர்த்தியது. மார்கழி பிறந்துவிட்டால் அலுவலகத்தில் பாதிப்பேர் மூக்கை உறிஞ்சுவர். மீதிப்பேர் எதையும் இருமுறை கேட்பர்.

ஏறத்தாழ 36 மில்லிமீட்டர் நீளமுள்ள அவ்வழி, 16-ஆம் நூற்றாண்டு இத்தாலிய உடற்கூற்று அறிஞர் யூஸ்டாக்கியின் பெயரால் யூஸ்டேஷியன் குழல் என வழங்குகிறது. செவிப்பறைக்கு உட்புறமுள்ள நடுச்செவி, காற்று நிறைந்த சிற்றறை. பறையின் இருபுறமும் அழுத்தம் சமமாய் இருந்தால்தான் அது நன்கு அதிரும். அறையின் உட்சவ்வோ அங்குள்ள காற்றைச் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. குறைந்ததை நிரப்பியாக வேண்டும். பெரும்பாலும் மூடிக்கிடக்கும் குழல், நாம் உமிழ்நீர் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அண்ணத்தின் தசை இழுக்கக் கணநேரம் திறந்து அப்பணியை முடித்துவிடுகிறது. கோப்பும் கையொப்பமும் இன்றி நடைபெறும் வேலை!

விடுமுறைப் பயணச் சலுகையில் ஒருமுறை குடும்பத்தோடு சிம்லா சென்றோம். கால்காவின் உயரம் சுமார் 650 மீட்டர். சிம்லாவோ 2,000 மீட்டருக்கும் மேல். ஏறும்போது துன்பமில்லை, வெளியழுத்தம் குறையக் குறைய, உள்ளிருக்கும் காற்றே குழலைத் தள்ளித் திறந்து வெளியேறும். இறங்கும்போதுதான் வெளியழுத்தம் மிகுந்து பறையை உள்நோக்கி அழுத்துகிறது. அப்போது குழல் தானாகத் திறவாது. விழுங்கித்தான் திறக்க வேண்டும். பேருந்து கீழிறங்குகையில் கைக்குழந்தை வீறிட்டழ, பக்கத்து இருக்கைப் பஞ்சாபி மூதாட்டி பால் கொடுக்கச் சொன்னார். குடித்ததும் அழுகை நின்றது. விமானம் தரையிறங்கும்போதும் இதுவே நல்ல வழி.

குழந்தைகளுக்கு இக்குழல் குட்டையானது, சாய்வும் குறைவு. ஆதலால் சளி பிடித்தால் எளிதில் அடைபடும். அடைப்பு நீடித்தால் நடுச்செவியில் நீர் கோத்துக்கொள்ளும். பல வேளைகளில் வலி இராது. கேள்வி மட்டும் மங்கும். நம்மவர் வீடுகளில் இது வேறு உருக்கொள்கிறது. தாய் சமையலறையிலிருந்து அழைப்பாள். பிள்ளை திரும்பிப் பாரான். "தமிழே மறந்துவிட்டது இவனுக்கு, எல்லாம் இந்திதான்" என்று ஊரிலிருந்து வந்த பாட்டி பெருமூச்செறிவார். பள்ளியிலிருந்தும் கவனக்குறைவு என்று குறிப்பு வரும். நாம் வாழும் குடியிருப்பில் அவ்வாறு ஏச்சு வாங்கிய சிறுவனின் காதை மருத்துவர் சோதித்தபோது, பறைக்குப் பின்னே நீர் நின்றது. காய்ச்சிய எண்ணெய் விடலாமா என்றார் பாட்டி. பறை மூடியிருக்க எண்ணெய் எங்ஙனம் அப்பால் செல்லும்? பெரும்பாலும் அந்நீர் சில மாதங்களில் தானே வற்றிவிடும் என்றும், மூன்று மாதம் கடந்தும் நின்றால் மேற்சிகிச்சை பற்றி எண்ணலாம் என்றும் கூறிய மருத்துவர், அதுவரை முகம் பார்த்து அருகிருந்து பேசுமாறு பணித்தார்.

பங்குனி முடிவதற்குள் நீர் வற்றிற்று. இப்போது பாட்டியின் கதைக்கு நடுவே அவன் குறுக்குக் கேள்வி கேட்கிறான், தமிழில்தான்.