ஐந்து மதிப்பெண்

தமிழ் இலக்கியம் கற்பிக்கும் ஒருவன் ஹெவி மெட்டல் இசையைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாகவும் சிலருக்கு எரிச்சலாகவும் இருக்கக்கூடும். எங்கள் துறையில் இசை என்றால் பண், பரிபாடல், தேவாரம், தமிழிசை இயக்கம் என்று ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையில் பர்மிங்காமும் சியாட்டிலும் வருவதில்லை. நானும் இத்தனை ஆண்டுகளாக அதை வெளியில் சொல்லிக்கொண்டவன் இல்லை. இப்போது சொல்ல வைத்திருப்பது ஒரு பழைய நோட்டுப் புத்தகம்.

1997 முதல் 1999 வரை திருச்சியில் ஒரு கல்லூரி விடுதியில் இருந்தேன். நான் இளங்கலைத் தமிழ். அறை நண்பன் இயற்பியல், கோவைக்காரன். அவனுடைய அண்ணன் பெங்களூரில் வேலையில் இருந்தார். அவரிடம் ஆங்கிலக் கேசட்டுகள் குவிந்து கிடந்தன. விடுமுறைக்குப் போய்வரும்போதெல்லாம் அவற்றை 90 நிமிட வெற்றுக் கேசட்டுகளில் பதிவு செய்து எடுத்து வருவான். ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். ஒரு பக்கத்துக்கு ஓர் ஆல்பம். எங்கள் வசதிக்கு அதுதான் கணக்கு. ஆல்பம் 45 நிமிடத்துக்கு மேல் நீண்டால் மிச்சம் இல்லை. பாதிப் பாட்டில் நாடா நின்று 'டக்'கென்று பொத்தான் எழும்பும்.

கேட்ட ஆல்பங்களுக்கெல்லாம் மதிப்பெண் போடுவது என்று முடிவு செய்தோம். கோடு போட்ட நோட்டு ஒன்றில் ஆல்பம், குழு, ஆண்டு, அவன் மதிப்பெண், என் மதிப்பெண் என்று ஐந்து பத்திகள். பத்துக்கு எத்தனை என்பதை ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் எழுத வேண்டும். கடைசியில் ஒரு வரிக் குறிப்பு. மொத்தம் நாற்பத்து மூன்று ஆல்பங்கள். சிலவற்றை இப்போது எடுத்துப் பார்க்கிறேன்.

பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பம், 1970. அவன் 9, நான் 6. முதல் பாட்டின் தொடக்கத்தில் மழையும் மணியோசையும் கேட்கும். பிறகு கிட்டாரில் மூன்றே சுரங்கள். நம் கணக்கில் சொன்னால் ஷட்ஜம், மேல் ஷட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்தியமம். 'இதில் என்ன இருக்கிறது?' என்று எழுதியிருக்கிறேன். அந்தக் கிட்டாரை வாசித்த டோனி அயோமி, பதினேழு வயதில் பர்மிங்காமில் தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர். வேலையை விட்டு நிற்கவிருந்த கடைசி நாளன்று இயந்திரத்தில் சிக்கி வலக்கை நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனிகளையும் இழந்தார். இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்பதால் கம்பியை அழுத்த வேண்டிய கை அதுதான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்கு உறை செய்து, மேலே தோல் ஒட்டி, மெல்லிய கம்பிகளைப் பூட்டி மீண்டும் வாசித்தார். 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் பல பாடல்களுக்குக் கம்பிகளின் சுருதியையே தாழ்த்திக்கொண்டார். பின்னால் வந்த எத்தனையோ குழுக்கள் கைக்கொண்ட அந்தக் கனத்த ஒலியில் ஒரு காயத்துக்கும் பங்கு உண்டு. இதையெல்லாம் அறிந்த பின் என் மதிப்பெண் 9.

அயர்ன் மெய்டன், 'பவர்ஸ்லேவ்', 1984. அவன் 8, நான் 9. கோலரிட்ஜின் கிழட்டு மாலுமிக் கவிதையை அடியொற்றிய பாடல் இதன் இறுதியில் வருகிறது. பதின்மூன்று நிமிடத்துக்கும் மேல் நீளும். எங்கள் கேசட்டில் மாலுமியின் சாபம் தீருமுன்பே நாடா தீர்ந்துவிடும். முடிவு தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நூலகத்துக்குப் போய்க் கவிதையைத் தேடி எடுத்து, அகராதியும் கையுமாக இரண்டு நாளில் படித்து முடித்தேன். ஆங்கிலத் துறைப் பேராசிரியர் ஒருவர் அதைக் கண்டு பெரிதும் மகிழ்ந்தார். எப்படி இந்தக் கவிதைக்கு வந்தாய் என்று கேட்டார். சொன்னேன். மகிழ்ச்சி பாதியாகக் குறைந்தது. இன்று என் மதிப்பெண் 8.

மெட்டாலிகா, 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்', 1986. இருவரும் 10. நோட்டிலேயே இருவரும் ஒத்துப்போன ஒரே பத்து இது. இன்றும் குறைக்க மனமில்லை. அதே குழுவின் 1988ஆம் ஆண்டு ஆல்பத்துக்கு நான் 9 போட்டேன். பேஸ் கிட்டார் கேட்கவே இல்லை. பதிவு செய்த கடைக்காரரின் குற்றம் என்று நினைத்து மன்னித்தேன். பல ஆண்டு கழித்து மூலத்தைக் கேட்டபோதுதான் தெரிந்தது, ஆல்பத்தையே அப்படித்தான் கலவை செய்திருக்கிறார்கள் என்று. 1986 செப்டம்பரில் சுவீடனில் நடந்த பேருந்து விபத்தில் பேஸ் கிட்டார்க் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் இறந்த பின் வந்த முதல் முழு ஆல்பம் அது. இறந்தவரின் இடம் ஒலியிலும் காலியாகவே கிடப்பதுபோல் இப்போது தோன்றுகிறது. ஆனாலும் 7தான்.

நிர்வாணா, 'இன் யூட்டரோ', 1993. அவன் 9, நான் 6. முந்தைய ஆல்பமான 'நெவர்மைண்ட்' வழவழப்பாக இருந்தது. அதற்கு 9 கொடுத்திருந்தேன். இது கரடுமுரடு. 'தேவையற்ற இரைச்சல்' என்பது என் குறிப்பு. 2024இல் மறைந்த ஸ்டீவ் ஆல்பினி மின்னசோட்டாவில் ஒரு பதிவகத்தில் இதைப் பதிவு செய்தார். விற்பனையில் பங்கு வேண்டாம் என்று சொல்லி ஒரு தொகையை மட்டும் கூலியாகப் பெற்றவர். அறைக்குள் நின்று கேட்பதுபோல் டிரம்ஸ் ஒலிப்பதை இன்று கேட்கிறேன். 9 என்று அவன் எழுதியதே சரி.

இனிச் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். ஆலிஸ் இன் செயின்ஸ், 'டர்ட்', 1992. அவன் 10. நான் 5. என் குறிப்பு: 'தன்னிரக்கம். வேறொன்றும் இல்லை.'

தொல்காப்பியம் கூறும் எட்டு மெய்ப்பாடுகளை அப்போதுதான் வகுப்பில் படித்திருந்தேன். மெட்டல் இசையில் வெகுளி உண்டு, அச்சம் உண்டு, பெருமிதம் உண்டு. ஆகவே அது உயர்ந்தது என்று விடுதி மொட்டைமாடியில் நண்பர்களிடம் விளக்கவுரை நிகழ்த்தியது நினைவிருக்கிறது. சியாட்டில் குழுக்களிடம் இருந்தவை அழுகையும் இளிவரலும். அவையும் மெய்ப்பாடுகளே என்பதையும், இளிவரல் பிறக்கும் இடங்களுள் ஒன்றாக நோயை இலக்கணம் சொல்கிறது என்பதையும் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன்தான் நான். பக்கத்துக் கட்டிலில் அது படுத்திருந்தது எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் ஆண்டு தொடங்கியதிலிருந்து அவன் வகுப்புக்குப் போவதைக் குறைத்துக்கொண்டே வந்தான். பகலெல்லாம் தூங்குவான். இரவில் காதில் வாக்மேனோடு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். சோம்பல் என்று நினைத்தேன். அதை அவனிடமே சொல்லவும் செய்தேன். 'டர்ட்' ஆல்பத்தைப் போடும்போதெல்லாம் ஒன்று சொல்வான்: "இதுல கடைசிப் பாட்டு இல்லடா. அதைக் கேட்டாத்தான் புரியும். அண்ணன்கிட்ட ஒரிஜினல் இருக்கு, ஒரு தடவ வந்து கேளு." அந்த ஆல்பம் 57 நிமிடம். எங்களிடம் இருந்தது 45 நிமிடம். மாலுமியின் கதை முடிவுக்காக நூலகத்துக்கு ஓடியவன், நண்பன் பலமுறை சொன்ன பாட்டைத் தேடிப் போகவில்லை. 1999 ஜனவரியில் ஒரு டிரங்குப் பெட்டியோடு ஊருக்குப் போனான். தேர்வு எழுதத் திரும்பவில்லை. மனச்சோர்வுக்குச் சிகிச்சை நடக்கிறது என்று பிறகு யாரோ சொன்னார்கள். இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. மூன்றாவது எழுதவில்லை. நோட்டு என்னிடமே தங்கிவிட்டது.

அந்தக் கடைசிப் பாட்டை நான் கேட்டபோது ஏறக்குறையப் பத்தாண்டுகள் கழிந்திருந்தன. இணையத்தில் அதன் வரலாற்றையும் படித்தேன். ஆண்ட்ரூ வுட் என்ற பாடகர் 1990இல் போதைப் பழக்கத்தால் இறந்துபோனார். அவரை எண்ணி, அவரைக் குற்றம் சொன்னவர்களையும் எண்ணி, ஜெரி கான்ட்ரெல் எழுதிய பாட்டு அது. நம் இலக்கணத்தில் அதற்குப் பெயர் உண்டு: கையறுநிலை. இறந்தவரின் அறை நண்பராக இருந்தவர் கிறிஸ் கார்னெல். அவரும் தன் பங்குக்கு 'டெம்பிள் ஆஃப் தி டாக்' என்ற பெயரில் நண்பர்களைக் கூட்டி 1991இல் ஓர் ஆல்பம் முழுவதையும் அந்த நினைவுக்கே தந்தார். 'டர்ட்' ஆல்பத்தைப் பாடிய லேன் ஸ்டேலி 2002இல் அதே போதைக்கு இரையானார். கார்னெல் 2017இல் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். தன்னிரக்கம் என்று நான் எழுதிய இடத்தில் இத்தனை பேர் ஒருவரையொருவர் புலம்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் இறுதிப்பத்தும் நமக்குக் கிடைக்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பாடத்தைத் தொடங்கும்போது மாணவர்களிடம் நான் தவறாமல் சொல்வது ஒன்றுண்டு: கிடைத்ததை வைத்து முழுமையைத் தீர்மானிக்காதீர்கள், இழந்தது எவ்வளவு என்பதை மனத்தில் கொண்டு படியுங்கள். சொல்வது எளிது.

2025 ஜூலை 5ஆம் தேதி பர்மிங்காமில் பிளாக் சப்பாத் தன் கடைசி நிகழ்ச்சியை நடத்தியது. பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் அரியணைபோன்ற இருக்கையில் அமர்ந்தபடியே பாடினார். பதினேழு நாள் கழித்து மறைந்தார். அந்த வாரத்தில் ஒரு மாலை, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. பழைய வகுப்புத் தோழன் ஒருவனிடம் என் எண்ணை வாங்கியிருக்கிறான்.

"ஏன்டா, அந்த நோட்டு இன்னும் வெச்சிருக்கியா?"

இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு அவன் பேசிய முதல் வாக்கியம் இது. கோவையில் சொந்தமாகச் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறான். அயோமியின் விரல் கதையைச் சொல்லி, தன் பட்டறையில் புதிதாகச் சேரும் பையன்களுக்கெல்லாம் அதைச் சொல்லித்தான் எச்சரிப்பதாகச் சிரித்தான். பிறகு 'டர்ட்' ஆல்பத்துக்கு நான் எத்தனை போட்டேன் என்று கேட்டான். மறைக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன்.

"அஞ்சு."

"அம்பது சதவீதம். பாஸ்தானே" என்றான். சற்று நேரம் கழித்துச் சொன்னான்: "அந்தப் பாட்டு என்னைக் காப்பாத்துச்சுன்னெல்லாம் சொல்ல மாட்டேன்டா. எனக்குள்ள இருந்தத அவங்க சொல்லிட்டாங்க. அதனாலயே நான் யார்கிட்டயும் சொல்லாம இருந்துட்டேன். அது நல்லதா கெட்டதான்னு இன்னும் தெரியல."

எனக்கும் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவன் பட்டறையில் யாரோ கூப்பிட, பிறகு பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டான்.

விடைத்தாள் திருத்தும் முகாம்களில் எத்தனையோ ஆண்டுகளாக உட்கார்ந்து வருகிறேன். ஒரு விடைத்தாளின் கடைசிப் பக்கத்தைப் புரட்டாமல் கூட்டுத்தொகை போட்டுவிட்டால் அது பெரும் பிழை. கூப்பிட்டு விளக்கம் கேட்பார்கள். அந்த நோட்டுக்காக என்னை யாரும் கூப்பிடவில்லை. அன்றிரவு நானே அதை எடுத்தேன். ஐந்தை அடிக்கவில்லை. அதன் பக்கத்தில் 'முழுமையாகக் கேட்கப்படவில்லை' என்று எழுதித் தேதியிட்டேன். பிறகு 57 நிமிடமும் இடைநிறுத்தாமல் கேட்டு முடித்து, சிவப்பு மையில் 9 என்று எழுதினேன். நடுவில் ஒரு பாட்டு இன்றும் எனக்கு ஒட்டவில்லை. அதற்காகப் பத்து போட்டால் அது இரக்க மதிப்பெண் ஆகிவிடும். அவனுக்கு அது பிடிக்காது.

மறுநாள் அழைத்துச் சொன்னேன்.

"ஒம்போதா? மிச்சம் ஒண்ணு எங்கடா?" என்றான்.

அதை நேரில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று அடுத்த மாதம் வருவதாகச் சொல்லியிருக்கிறான். அண்ணனின் ஒரிஜினல் கேசட்டையும் எடுத்து வருகிறானாம். அதைப் போட்டுக் கேட்க ஒரு டேப் ரெக்கார்டர் தேடிக்கொண்டிருக்கிறேன்.