குழலும் மூச்சும்

டிரம்பெட் என்னும் பித்தளை ஊதுகருவியின் குழல் ஏறத்தாழ நான்கரை அடி நீளமுடையது. வளைத்து மடித்தமையால் சிறிதாய்த் தோன்றும். 1890இல் ஆஸ்திரியாவிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய வின்சென்ட் பாக், இக்கருவியை வாசிப்பதிலும் செய்வதிலும் வல்லவர். அவர் பெயர் தாங்கிய கருவிகளுள், பெரும்பாலோர் வாசிப்பதன் உட்துளை 11.66 மில்லிமீட்டர், பெருந்துளைக் கருவியினது 11.73 மில்லிமீட்டர். வேறுபாடு எழுதுதாள் ஒன்றின் தடிப்பளவும் இராது!

எனினும், அவ்வேறுபாட்டை ஊதுவோர் உணர்வர். பெரிய இசைக்குழுவில் நீண்ட மூச்சுடன் ஊதிப் பழகியவர், “ஒலி தடையின்றி விரிகிறது” என மகிழ்வர். நடனக்குழுவில் இரவெல்லாம் உச்ச சுரங்களை வாசிப்பவரோ, “என் மூச்சையெல்லாம் விழுங்கிவிடுகிறது” என வருந்துவர். இருவர் கூற்றும் மெய்யே. துளை மட்டுமன்றி, இதழ் பொருந்தும் ஊதுவாயின் குழிவும், அதனையடுத்த குழலின் அமைப்பும், முன்வாயின் விரிவும் அவ்வுணர்வை மாற்றும். பெரியதே சிறந்ததென மயங்கி வாங்கும் இளைஞர், கச்சேரி முடியுமுன்னரே இதழ் சோர்ந்து நிற்றலும் உண்டு. ஆதலின், பிறர் புகழ்ந்த கருவியை நாடாது, தம் மூச்சின் வன்மையறிந்து அதற்கேற்றதைத் தேர்ந்துகொள்வதே அறிவுடைமையாகும்.