பந்தைப் பெறுபவரும் அனுப்புபவரும்



2025 நவம்பர் 16ஆம் திகதி மிலான் நகரில் நோர்வே அணி இத்தாலியை 4–1 என்று வென்ற இரவு முதல் ஒஸ்லோவில் எங்கு சென்றாலும் ஒரே பெயர்தான். தகுதிகாண் ஆட்டங்கள் எட்டில் 16 கோல்களை அடித்த எர்லிங் ஹாலண்ட், 1998க்குப் பின் முதன்முறையாக இந்நாட்டை உலகக்கிண்ணத்துக்குக் கொண்டுபோய்விட்டார் என்று திருப்பலிக்குப் பிந்திய கோப்பி வேளையிலும் பேசுகிறார்கள். அந்த மகிழ்ச்சியில் எனக்கும் பங்குண்டு. ஆயினும் ‘கொண்டுபோய்விட்டார்’ என்னும் ஒருமை வினைமுற்றுத்தான் உறுத்துகிறது.

எமது இளையோரில் ஒருவர் அமெரிக்கக் காற்பந்தாட்டத்தில் பற்றுடையவர். பந்தைக் கையிலேந்தி ஓடும் அவ்வாட்டத்தில், ஓரத்தால் விரைந்து சென்று தொலைவிலிருந்து எறியப்படும் பந்தைப் பிடிப்பவருக்கு ‘வைட் ரிசீவர்’ என்று பெயராம். கன்சாஸ் சிற்றி அணி 2022இல் தைரீக் ஹில் என்ற மின்னல்வேக வீரரை மயாமி அணிக்கு விட்டுக்கொடுத்தது. அடுத்த இரண்டு பருவங்களிலும் கன்சாஸ் சிற்றியே கிண்ணத்தை வென்றது. “அப்படியானால் பாதர், சம்பியன் அணிக்கு நட்சத்திரம் தேவையில்லைத்தானே?” என்று கேட்டார். விடை அவ்வளவு எளிதன்று.

நோர்வே உதைபந்தாட்டத்திலும் அத்தகைய ‘பெறுபவர்’ ஒருவர் இருந்தார். 1990களில் எகில் ஊல்சன், மக்கள் மொழியில் ‘ட்ரில்லோ’, தேசிய அணியின் பயிற்றுநராயிருந்தார். உயரமான முன்கள வீரராகிய யூஸ்தைன் ஃப்ளூவை அவர் நடுவில் நிறுத்தாமல் வலது ஓரத்தில் நிறுத்தினார். இடது பின்களத்திலிருந்து ஸ்டிக் இங்கே பியோர்ன்பை மைதானத்தின் குறுக்கே நெடும்பந்தை அனுப்புவார். எதிரணியின் ஓரக் காவலர் பெரும்பாலும் குட்டையானவர்; ஃப்ளூ அவருக்கு மேலாக எழுந்து தலையால் உள்ளே தட்டிவிடுவார்; அதை எதிர்பார்த்தே மற்றவர்கள் ஓடிவந்து கொண்டிருப்பார்கள். இதற்கு ‘ஃப்ளூ பந்து’ என்றே பெயர் வந்தது. அழகற்ற ஆட்டம் என்று பலர் பழித்தனர். ஆனால் 1993 யூனில் இங்கிலாந்து இதே ஒஸ்லோவில் 2–0 எனத் தோற்றது. அவ்வாண்டே ஃபிஃபா தரவரிசையில் நோர்வே இரண்டாம் இடத்துக்கு உயர்ந்தது. ஃப்ளூ உலகம் போற்றிய நட்சத்திரமல்லர். அவர் எங்கே நிற்பார் என்பது அணியில் அனைவருக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

அந்த ஒழுங்கின் எல்லையும் விரைவிலேயே தெரிந்தது. 1994 உலகக்கிண்ணத்தில் நோர்வேயின் குழுவில் நான்கு அணிகளும் தலா நான்கு புள்ளிகள் பெற்றன. மூன்று ஆட்டங்களில் ஒரே ஒரு கோல் அடித்த நோர்வேதான் வீடு திரும்பியது. ஏறத்தாழ எழுபது நிமிடங்கள் பத்துப் பேருடன் ஆடிய இத்தாலிக்கு எதிராகக்கூட ஒரு கோல் விழவில்லை. கட்டுக்கோப்பு ஓர் அணியை வாசல்வரை கொண்டு செல்லும்; உள்ளே நுழைய முடிப்பவர் ஒருவர் வேண்டும். இதை நான் மறுக்கவில்லை.

ஆனால் முடிப்பவர் மட்டும் போதுமா? ஹாலண்ட் தேசிய அணிக்கு வந்தது 2019இல். 2020 ஒக்ரோபரில் உல்லவோல் அரங்கில் சேர்பியாவிடம் தோல்வி; அவர் ஆடிக்கொண்டுதான் இருந்தார். 2022 உலகக்கிண்ண வாய்ப்பு, அவர் காயமுற்றிருந்த வேளையில் ரொட்டர்டாமில் கைநழுவியது. 2023 யூனில் மீண்டும் உல்லவோல்: ஸ்கொட்லாந்துக்கு எதிராகத் தண்ட உதையில் கோல் அடித்தவர் அவர், இறுதி நிமிடங்களில் அவர் வெளியே அழைக்கப்பட்ட பின் இரண்டு கோல்கள் வாங்கி நாம் தோற்றோம். அதே ஹாலண்ட், அதே கால்கள்.

2025இல் மாறியது அவரைச் சுற்றியிருந்தவை. அணி அடித்த 37 கோல்களில் 21 அவருடையவையல்ல. யூனில் இத்தாலியை 3–0 என வென்றபோது சோர்லொத், நூசா, ஹாலண்ட் என மூவர் ஆளுக்கொன்று அடித்தனர். மிலானில் அணித்தலைவர் ஓடெகோர் காயத்தால் ஆடவேயில்லை. முதலில் பின்தங்கியிருந்த அணியைச் சமநிலைக்குக் கொண்டுவந்தவர் இளைஞர் நூசா. அதன் பின்னரே ஹாலண்டின் இரு கோல்கள் வந்தன.

வடமுனை வட்டத்துக்கும் அப்பாலுள்ள சிறு நகரின் பூடோ கிளிம்ட் கழகம் இன்னும் வியப்பானது. 2020இல் 30 ஆட்டங்களில் 103 கோல்கள் அடித்துச் சம்பியனானது. அடுத்த பருவம் தொடங்குமுன்பே ஹௌகே, யுங்கர், சிங்கர்நாகல் என்ற முன்கள மூவரும் வேறு நாடுகளுக்குப் போய்விட்டனர். மறுஆண்டும் கிளிம்ட்டே சம்பியன். மகளிர் அணியின் வரலாறோ இதைவிடக் கசப்பானது. உலகின் சிறந்த வீராங்கனை விருதை 2018இல் பெற்ற ஆடா ஹேகர்பர்க் விலகியிருந்த காலத்தில், 2019 உலகக்கிண்ணத்தில் அணி காலிறுதிக்குச் சென்றது. அவர் திரும்பிவந்த 2022 ஐரோப்பியக் கிண்ணத்தில் இங்கிலாந்திடம் 8–0. குற்றம் அவருடையதன்று, பந்து அவரிடம் போய்ச் சேரவேயில்லை.

இதை ஏன் ஒரு பங்குக்குரு எழுதவேண்டும்? எம் பெற்றோர் பலர் தம் பிள்ளையை ஒவ்வொரு துறையிலும் ஹாலண்டாகவே காண விரும்புகிறார்கள். பின்களத்தில் நிறுத்தப்பட்ட மகனை “அங்கே நின்றால் யார் பார்ப்பார்கள்?” என்று கேட்டு அணியிலிருந்தே விலக்கிய தந்தை ஒருவரை அறிவேன். பதின்மூன்று வயதுப் பிள்ளை. பின்களத்தை அவன் விரும்பித்தான் ஆடினான். இப்போது சனிக்கிழமைகளில் வீட்டில் இருக்கிறான். பாடகர் குழுவிலும் இதே கதைதான்: தனிக்குரலுக்கு ஐவர், மத்தளத்துக்கு ஆளில்லை. பவுல் அடிகளார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 12ஆம் அதிகாரத்தை நான் ஆண்டுதோறும் விளக்குகிறேன். கேட்பவர்கள் தலையசைக்கிறார்கள், பின்பு மகனை முன்களத்துக்கே அனுப்புகிறார்கள்.

அந்தத் தந்தையிடம் ஒன்று சொன்னேன். 2026 கோடையில் பிரான்சையும் செனகலையும் நோர்வே எதிர்கொள்ளும்போது, முதல் பத்து நிமிடங்கள் ஹாலண்டைப் பார்க்காதீர்கள். பந்து அவரிடம் வருவதற்கு முன் யார் யாருடைய கால்களைக் கடந்து வந்தது என்று மகனைக் கூடவைத்து எண்ணிப்பாருங்கள் என்றேன். அவர் இன்னும் பதில் கூறவில்லை.

பின்குறிப்பு: தைமாத உள்ளரங்க உதைபந்தாட்டத்துக்கு முன்கள வீரர்களாக இதுவரை ஒன்பது பேர் பெயர் தந்துள்ளனர். கோல் காப்பாளராக ஒருவரும் இல்லை. விரும்புவோர் ஞாயிறு திருப்பலியின் பின் என்னிடம் வரவும்.