எங்கய்யாவின் கொம்பு

எங்கய்யா கொம்பு ஊதுவார். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் பறையோடு கொம்பும் போகணும். மாரியம்மன் பொங்கலுக்கும் போகணும். ஊர்வலத்தில் எல்லாருக்கும் முன்னால் நடப்பவர் அவர். சோத்துக்கு நிற்பது மட்டும் கொல்லைப்புறத்தில். 'ஏலே, நல்லா ஊதுலே' என்று என் வயசுப் பயல் அதட்டுவான். 'சரிங்க சாமி' என்பார். கேட்டுக் கூசிப்போவேன்.

கொம்பில் துளை கிடையாது. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் ஊதினால் நாலைந்து சுரம் வரும். பாட்டு வராது, கூப்பாடுதான் வரும். அடுத்தவன் பெருமையைக் கூவிச் சொல்லத்தான் அதை வச்சிருந்தார்கள்.

அதைத் தொடவே மாட்டேன் என்று ராஜபாளையத்துக்கு வந்து ஒரு பேண்டு செட்டில் சேர்ந்தேன். சிவப்புச் சட்டை, தொப்பி. கையில் பழைய ஆல்ட்டோ ஹாரன். கொம்புக்கு அதுவும் தூரத்துச் சொந்தம்தான். ஐரோப்பாவில் ஹாரன் முதலில் வேட்டைக்கு ஊதின வெறும் குழாய். 1818இல் ஸ்டோல்சல், ப்ளூமெல் என்ற இரண்டு பேர் பெர்லினில் வால்வுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். விரலால் வால்வை அமுக்க அமுக்க ஹாரன் எல்லாச் சுரமும் பேசியது. ஆனாலும் அணிவகுப்பு இசையில் அதுக்குக் கிடைத்த வேலை என்ன? பெரும்பாலும் தாளத்துக்கு இடையிடையே 'பப், பப்'. பாட்டெல்லாம் டிரம்பெட்டுக்கும் கிளாரினெட்டுக்கும்.

கல்யாண ஊர்வலங்களில் வருசக்கணக்கா நானும் அந்த 'பப், பப்'தான். எல்லாச் சுரமும் தெரிஞ்சவனைப் பின்தாளத்தில் நிறுத்துறது நமக்குப் புதுசா? டிகிரி படிச்ச நம்ம பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள்? எனக்குச் சட்டை மாறியது. பந்தியில் கடைசி இடம் மாறவில்லை.

இப்போ கேரளத்துச் செண்டை மேளத்தைக் கூப்பிடுகிறார்கள். அதோடு வளைந்த கொம்பும் வருது. மங்கலம் என்று பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கிறார்கள். எங்கய்யா ஊதினப்போ அது சாவுக்கொம்பு.

ஒரு ஏப்ரல் 14. எங்க காலனியில் அம்பேத்கர் பிறந்தநாள் ஊர்வலம். எங்க செட்டைக் கூட்டிப்போனேன். அய்யா பரணிலிருந்து கொம்பை எடுத்துத் துடைத்தார்.

'இன்னைக்குமா அந்த அடிமைக் கொம்பு? வேணாம்யா' என்றேன்.

'கொம்பு என்னலே பண்ணுச்சு? இம்புட்டு நாளா எவனுக்கோ ஊதுனேன். இன்னைக்கு நம்மாளுக்கு ஊதுறேன்.'

ஊதினார். டிரம்பெட்காரர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அன்றைக்குப் பாட்டை நான் ஹாரனில் எடுத்தேன்.

மறுவாரம் ஊர்த்தெருவில் சாவு. ஆள் வந்து கூப்பிட்டது. அய்யா 'வரலை' என்றார். பின்னால் 'சாமி' சேர்க்கவில்லை.

அந்த வருசம் ஊர்க்காட்டில் எங்களுக்கு வேலை இல்லை. அம்மாவும் அக்காவும் ராஜபாளையத்துக்கு மில்லு வேலைக்கு வந்தார்கள். கஞ்சிதான் குடித்தோம்.

அய்யா இப்போ இல்லை. கொம்பு என்னிடம் இருக்கு. சாவுக்குக் கொடுப்பதில்லை. ஏப்ரலில் என் மகள் ஊதுறா.